பதினெட்டாவது மிதி

யாராவது உங்களிடம் வந்து, இந்த வண்டி நூற்றைம்பதில் பறக்கும், போலீஸுக்கு இதுதான் சரி என்று சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். நூற்றைம்பதில் எங்கே பறப்பது? கச்சேரி ரோட்டிலா, ரங்கநாதன் தெருவிலா? நம் ஊரில் துரத்துவது என்றால் நாற்பதுக்குப் போய் நிற்பது, ஐம்பதுக்குப் போய் நிற்பது, ஆட்டோவுக்காக நிற்பது, குறுக்கே வந்த மாட்டுக்காக நிற்பது, மறுபடி கிளம்புவது. பத்து நிமிடத் துரத்தலில் ஆக்ஸிலேட்டரைவிட பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். இதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொண்டேன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் தெரிந்துகொள்ள இருபத்தொன்பது வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு பெண் கான்ஸ்டபிளிடம் நன்றாக மூக்குடைபட்ட பிறகு.

போலீஸ் வண்டிகளைத் தயார் செய்யும் இந்தப் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எந்த போல்ட்டை எவ்வளவு முடுக்குவது என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். புத்தகத்தில் இல்லாத ஒரு சமாசாரத்தைச் சொல்கிறேன்.

கடையிலிருந்து வரும்போது நம் வண்டியும் ஒரு குடும்ப வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ஓட்டலில் சாப்பிட்டு வீடு திரும்பச் செய்த வண்டி. அதை நாம் பிரித்துப்போட்டு வேறு ஜென்மம் எடுக்க வைக்கிறோம். ஸ்பிரிங்கைக் கனமாக்குகிறோம், இரண்டாவது பேட்டரி வைக்கிறோம், துவைக்க முடியாத மெத்தையைக் கிழித்துவிட்டு ரெக்சின் போடுகிறோம், பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாமல் செய்கிறோம். வயர்லெஸ், சைரன், விளக்கு, லத்தி செருக இடம். கபாலி கோயில் குளத்தோரம் எட்டு மணி நேரம் இன்ஜின் ஓடியபடியே நிற்கும், கிலோமீட்டர் காட்டும் எண் ஒன்றுகூட மாறியிருக்காது. அடுத்த நிமிடம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பாய வேண்டும். இந்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. இதைவிட ருசியான வேலை ஊரில் வேறு எதுவும் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ருசி கூடிப்போனால் தலைக்கனமும் கூடும். எனக்குக் கூடியது ஒரு டிசம்பரில். தி.நகரில் முழங்கால் தண்ணீர். ரோந்து வண்டிகள் ஒவ்வொன்றாக இன்ஜினில் தண்ணீர் ஏறிப் படுத்துவிட்டன. நான் உட்கார்ந்து யோசித்து ஒரு கவசம் செய்தேன். இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு, அதன் இரண்டு பக்கமும் சக்கரம்வரை நீளும் இறக்கைகள். கீழிருந்து தண்ணீர் அடித்தாலும் உள்ளே போகாது, வேகத்தடையில் இடித்தாலும் அடிவயிறு கிழியாது. ஆறு வண்டிகளுக்குப் பொருத்தினேன். அடுத்த மழையில் மற்ற வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்தபோது இந்த ஆறும் ஜம்மென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. மேலதிகாரிகள் வந்து தட்டிக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும்போதுகூட பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் அந்தக் கவசத்தைப் பற்றித்தான் பேசினேன்.

மழை போய் கத்திரி வெயில் வந்தது. மே மாதம் ஒரு மதியம், அந்த ஆறில் ஒரு வண்டி முன்பக்கம் நசுங்கி லாரியில் வந்து இறங்கியது.

நடந்தது இதுதான். மயிலாப்பூரில் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு ஓடினார்கள். நம் வண்டி துரத்தியது. லஸ், ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, அண்ணா சாலையைக் கடந்து பாண்டி பஜார். பள்ளிக்கூடம் திறக்கப் போகும் சமயம், யூனிஃபார்ம் வாங்க வந்த கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருக்க, வண்டி நிற்காமல் போய் நடைபாதை ஓரத்து மரத்தில் மோதியது. கூட்டத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சப் இன்ஸ்பெக்டருக்கு மணிக்கட்டு முறிந்தது. திருடர்கள் தப்பிவிட்டார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டார்கள்.

வண்டியை ஓட்டியவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அந்த ஸ்டேஷனில் ரோந்து வண்டி ஓட்டிய முதல் பெண் அவர்தான். அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க அவர் மூன்று வருடம் மனு போட்டுப் போராடியிருக்கிறார். பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டதால் போடவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். பயத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார் என்று மற்றவர்கள் பேசினார்கள். விசாரணை வைத்தார்கள். பிரேக்கில் பழுது இல்லை என்று ஆகிவிட்டால் டிரைவர் வேலை போய்விடும், பிறகு ஏதாவது ஆபீஸில் தபால் பிரிக்க வேண்டியதுதான். பழுது உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் நான்.

நான் பார்த்தேன். நம் பணிமனையில் காலங்காலமாக என்ன செய்வோமோ அதைச் செய்தேன். பெடலை மூன்று முறை மிதித்தேன், கல்லு மாதிரி நின்றது. குழாய்களில் கசிவு இல்லை. பேட் தேய்மானம் இல்லை. மறுநாள் காலை மறுபடி மிதித்தேன், மறுபடி கல்லு. "பிரேக் அமைப்பில் பழுது ஏதும் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை.

பத்தரை மணிக்கு அந்தப் பெண் வந்து நின்றார். யூனிஃபார்மில் இல்லை, சுடிதாரில் இருந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், பிரேக் நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்களாமே."

"ஏம்மா, நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னுதானே எழுத முடியும்?"

"நிறுத்தி வெச்சு மிதிச்சுப் பாத்தீங்களா, ஓட்டி மிதிச்சுப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தொன்பது வருடம் பிரேக் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "ரேடியேட்டர் உடைஞ்ச வண்டிய எப்படிம்மா ஓட்டறது?" என்று கத்தினேன்.

"இதே மாதிரி இன்னொரு வண்டி சர்வீசுக்கு வந்து நிக்குதே, அதை ஓட்டுங்க" என்றார். "நான் பதினேழு தடவை மிதிச்சேன் சார், பதினேழும் பிடிச்சது. கடைசி ரெண்டு கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சு. பதினெட்டாவது மிதி அப்படியே தரைக்குப் போயிடுச்சு. எங்க எங்க மிதிச்சேன்னு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. ராத்திரி கண்ண மூடினா அதுதான் ஓடுது."

என் கூடவே வேலை பார்த்த ஃபிட்டர் தாஸ் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என் வயதுதான். அவர் ஸ்பேனரைத் துடைத்தபடி, "ஓட்டித்தான் பாரேன் நைனா. பெடல் நல்லா கீதுன்னா உனக்கு இன்னா பயம்?" என்றார். இதற்குமேல் நான் எப்படி மறுப்பது?

இங்கே ஒன்று கவனியுங்கள். அந்த வழியில், அந்த நெரிசலில், சைரன் போட்டு ஓட்டிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. உரிமை இருந்தாலும் பிரேக் போகுமோ என்று சந்தேகப்படும் வண்டியை ஜனங்களுக்கு நடுவில் கொண்டுபோவது மடத்தனம். பணிமனைக்குப் பின்னால் வண்டி பழகும் மைதானம் இருக்கிறதே, அங்கே போனோம். தாஸ் பழைய டயர்களை உருட்டி வந்தார். அந்தப் பெண் வெயிலில் நடந்து நடந்து ஒவ்வொரு டயருக்கும் இடம் காட்டினார். இது லஸ் முனை, இங்கே ஒரு ஷேர் ஆட்டோ திரும்பியது. இது ஆழ்வார்பேட்டை சிக்னல். இது எல்டாம்ஸ் ரோட்டில் பள்ளம் தோண்டிய இடம்.

"இது இன்னா, தேனாம்பேட்டையா? இம்மாங்கிட்டயா கீது?" என்று தாஸ் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"வண்டி ஓட்டறவங்களுக்குக் கிட்டதாண்ணே" என்றார் அவர். அரை மணி நேரத்தில் மயிலாப்பூரிலிருந்து தி.நகர்வரை ஒரு ஊரே அந்தப் புழுதியில் எழுந்துவிட்டது. கடைசியில், ஜனங்கள் கடந்த இடத்தில், டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கினோம்.

விசாரணை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. அதனால் நான்தான் ஓட்ட வேண்டும். அவர் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தார்.

"அம்பதுக்கு ஏத்துங்க. ஏத்துங்க சார், இன்னும். இப்ப மிதிங்க. விடுங்க. திருப்பி ஏத்துங்க. மிதிங்க. அரை மிதி இல்ல சார், முழுசா."

அடேயப்பா. முதல் நான்கு மிதிக்குள் சட்டை நனைந்துவிட்டது. வண்டி சீறுகிறது, நிற்கிறது, உடம்பு முன்னால் போய் பெல்ட்டில் மோதித் திரும்புகிறது, மறுபடி சீறுகிறது. நான் பூட்டிய ஸ்பிரிங், நான் மாற்றிய சீட், நான் இழுத்த வயர் எல்லாம் என்னைச் சுற்றித் திமிறிக்கொண்டு வேலை செய்தன. இருபத்தொன்பது வருடம் வண்டி செய்தவன், அது எந்த வேலைக்காகவோ அந்த வேலையைச் செய்யும்போது ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. பயமாகவும் இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க முடியவில்லை. ஏழாவது மிதியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாவது மிதியில் கருகல் வாசனை வந்தது. பதினான்காவது மெத்தென்று இருந்தது. "இப்படித்தான் சார்" என்றார் அவர், மெதுவாக. பதினைந்தாவதுக்கு டயர் அடுக்கு நேர் எதிரே வந்தது. முழுப் பலத்தோடு மிதித்தேன். என் கால் தரையைத் தொட்டது. வண்டி அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோன்றவில்லை, ஹேண்ட்பிரேக்கை இழுக்கத் தோன்றவில்லை. வெறுமனே மிதித்துக்கொண்டே போய் டயர்களில் மோதினேன். டயர்கள் நாலாப்பக்கமும் உருண்டன. தாஸ் அலறிக்கொண்டு ஓடி வந்தார். பிரேக் போகலாம் என்று தெரிந்தே, ஆளில்லாத மைதானத்தில், டயர்களைப் பார்த்து நான் இப்படி உறைந்துபோனேன். அந்தப் பெண் எதுவும் தெரியாமல், நிஜ மனிதர்களைப் பார்த்து, அதே ஒரு நொடியில் மரத்தைத் தேடித் திருப்பியிருக்கிறார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"தண்ணி குடிங்க சார்" என்று அவர்தான் பாட்டிலை நீட்டினார்.

இருபது நிமிடம் நிழலில் உட்கார்ந்தோம். பிறகு போய்ப் பெடலை மிதித்தேன். கல்லு. மூன்று முறை மிதித்தேன், மூன்றும் கல்லு. விடாமல் மிதித்தால் பேட் உரசும் டிஸ்க் தட்டு சூடாகும்; அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, அதில் காற்றுக் குமிழி உண்டாகிவிட்டால், பெடல் பஞ்சாகிவிடும். ஆறியதும் குமிழி அடங்கிவிடும், பெடல் பழையபடி ஆகிவிடும். நம்மிடம் வரும் வண்டி எல்லாம் லாரியில் ஏறி, வெயிலில் நின்று, ஆறிப்போய்த்தான் வருகிறது. ஆறின வண்டியை மூன்று மிதி மிதித்துவிட்டு எத்தனை டிரைவர்களைப் பொய்யர்களாக்கினேனோ.

ஆனால் ஏன் இவ்வளவு சூடு? பழைய வண்டிகள் இதைவிட மோசமாக ஓடியும் இப்படி ஆனதில்லையே. ஆயில் மட்டமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அது என் தப்பில்லை அல்லவா? புது ஆயில் ஊற்றி மறுபடி ஓட்டினேன். பதினாறாவது மிதியில் மறுபடி தரை. இந்த முறை தயாராக இருந்ததால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

தாஸ் வண்டிக்கு அடியில் படுத்தார். "நைனா, உன் றெக்கைதான் காத்த அடிச்சி நிறுத்திக்கினு கீது. டிஸ்க்காண்ட காத்தே பூரல" என்றார்.

என் கவசம். தண்ணீர் வராமல் தடுத்த அதே இறக்கைகள், முன் சக்கரத்து டிஸ்க்குகளுக்குப் போக வேண்டிய காற்றையும் தடுத்துவிட்டன. சும்மா ரோந்து போகும்போது ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் தெரியாது. வெயிலில், துரத்தலில், விடாமல் மிதிக்கும்போதுதான் தெரியும். இறக்கைகளைக் கழற்றி, ஆயிலை மாற்றி, மூன்றாவது முறை ஓட்டினேன். பதினெட்டு மிதி பிடித்தது. இருபத்தைந்து மிதி பிடித்தது. முப்பதில் அந்தப் பெண்ணே போதும் சார் என்றார்.

மணி இரண்டு. தாஸ் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "ஆயில் கொதிச்சிச்சின்னு எழுதிக்க. அது பொய் இல்ல. அந்தப் பொண்ணுக்கும் வேலை நிக்கும், உனக்கும் ஒண்ணும் ஆவாது. ரிட்டயருக்கு ஒரு வருசம் கீது, கம்முனு இரு."

தாஸ் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் ஆயில் என்று எழுதினால் எல்லா வண்டிக்கும் ஆயில்தான் மாற்றுவார்கள், இறக்கை இருந்த இடத்திலேயே இருக்கும். உடைந்ததும் நான் ஓட்டிப் பார்த்ததும் போக, கவசம் போட்ட மற்ற நான்கு வண்டிகள் அந்த நேரத்தில் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ராயப்பேட்டையிலும் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு டிரைவர்கள், அவர்களுக்கு எதிரே எத்தனை ஜனம்.

அதனால் முதலில் எழுத உட்காரவில்லை. வயர்லெஸ் அறைக்கு ஓடினேன். நான்கு வண்டிகளையும் உடனே, மெதுவாக, சைரன் போடாமல் பணிமனைக்குக் கொண்டுவரச் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் யார் உத்தரவு என்று கேட்டார். என் உத்தரவு என்றேன். ஃபோர்மேனுக்கு அப்படி உத்தரவு போட அதிகாரம் கிடையாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் குரலில் இருந்த பதற்றத்தால்தான் அவர் சொன்னபடி செய்திருக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள். ஆபத்து என்று தெரிந்தால் முதலில் வண்டியை நிறுத்துங்கள், காரணம், காகிதம், கையெழுத்து எல்லாம் அப்புறம். நான்கும் உள்ளே வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தாஸ் இறக்கைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

மூன்றரைக்கு எழுத உட்கார்ந்தேன். அச்சடித்த படிவம்தான், உங்களுக்குத் தெரியும். "பழுதின் தன்மை" என்ற இடத்தில் நடந்ததை எழுதினேன். "பழுதுக்குக் காரணமானவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வழக்கமாக டிரைவர் பெயர் எழுதுவோம், அல்லது ஒரு கோடு போடுவோம். இந்த முறை ஒரு பெயர் எழுதினேன்.

ஆட்டோ பிடித்து விசாரணை நடந்த ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு பத்து. அந்தப் பெண் மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். இந்த முறை யூனிஃபார்மில். அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர், என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. கிரீஸ் கறையோடு உள்ளே நுழைந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காகிதத்தை வாங்கினார். காலையில் போன காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"காலைல பழுது இல்லைன்னு எழுதி அனுப்பினது யாரு?"

"நான்தான் ஐயா."

"இப்ப பழுது இருக்குன்னு எழுதிட்டு வந்திருக்கறது?"

"அதுவும் நான்தான் ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காரணமானவர்னு கோதண்டம்னு ஒரு பேர் போட்டிருக்கே. யாரு அவன், வெளி கான்ட்ராக்டரா?"

"அதுவும் நான்தான் ஐயா."

அதிகாரி இரண்டு காகிதத்தையும் மறுபடி முதலிலிருந்து படித்தார். உனக்கு மெமோ வரும் என்றார். வரட்டும் ஐயா என்றேன். வந்தது, அது வேறு கதை. பிறகு அவர் விசாரணைக் கோப்பை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ நாளையிலேருந்து டிரைவர் டியூட்டிக்கே போகலாம்மா. இவர் பண்ணின வேலைக்கு இவர்கிட்ட ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடு."

அந்தப் பெண் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்று நினைத்தேன். கேட்கச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"வண்டிய எப்ப சார் தருவீங்க?" என்றார்.